பின்சக்கரத்துக்கு ஒரு ஹப் தேடிய கதை

ஸ்டோரின் பின்னால் இருக்கும் வேலைக் கொட்டகையில், ஒரு சைக்கிள் சக்கரத்தின் இரண்டு பக்கமும் நானும் என் கணவரும் நின்றுகொண்டிருந்தோம். எங்கள் தோட்டத்தில் தேயிலைத் தொழிற்சாலையை ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். சக்கரம் மேசைமேல் படுத்த வாக்கில் கிடந்தது. அதன் நடுப்பாகம் அடியில் ஒரு சாவியில் மாட்டியிருக்க, அந்தச் சாவியை வைஸ் என்னும் இரும்புப் பிடிப்பான் கவ்விப் பிடித்திருந்தது. அப்புத்தளை வளைவில் பஸ்ஸைத் திருப்பும் டிரைவர் மாதிரி இரண்டு பேரும் டயரை இறுகப் பிடித்திருந்தோம். ஒரே பஸ்ஸுக்கு இரண்டு டிரைவர்கள்.

அவர் வலப்பக்கம் இழுத்தார். நான் இடப்பக்கம் இழுத்தேன். சக்கரம் நடுநிலை வகித்தது.

 கடைசியில் அவர்தான் வாயைத் திறந்தார்.

“துரு ஏறி இறுகிப் போச்சு. அதான் வரமாட்டேங்குது.”

“நீங்க இறுக்கிக்கிட்டே இருந்தா எப்படிங்க வரும்?”

“நானா இறுக்குறேன்?”

“பின்ன நானா?”

கொட்டகை வாசலில் வெற்றிலை மென்றபடி நின்ற இரண்டு ஸ்டோர் ஆட்கள், இந்த இடத்தில் மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். ஆனால் போகவில்லை.

ஒரு சைக்கிள் சக்கரம் எங்கள் குடும்பத்துக்குள் எப்படி நுழைந்தது என்பதைச் சொல்லாவிட்டால் இந்தச் சண்டை உங்களுக்குப் புரியாது.

கோழி குடியேறிய ஸ்கூட்டர்

நான் மருத்துவமாது. இந்தத் தொடரை முதலிலிருந்து வாசிப்பவர்களுக்கு அது தெரியும். இந்த வாரம்தான் பத்திரிகையைக் கையில் எடுத்தவர்களுக்காக மறுபடி சொல்கிறேன். தெமோதரைக்கு மேலே இருக்கும் ஒரு தோட்டமும் அதைச் சுற்றியுள்ள லயங்களும், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளும், என் பொறுப்பு. கர்ப்பிணிகளை வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது, பிள்ளைகளை நிறுப்பது, ஊசிக்கு வரச்சொல்லி நினைவூட்டுவது, வராவிட்டால் சத்தம் போடுவது. இதில் சத்தம் போடுவதற்குத்தான் எனக்கு அதிகம் பெயர்.

இதையெல்லாம் ஒரு ஸ்கூட்டரில் செய்துகொண்டிருந்தேன். பெற்றோல் கிடைக்காமல் நாடே வரிசையில் நின்றதே, அந்த வருடம் என் ஸ்கூட்டரும் நின்றது. கொஞ்ச நாளில் பக்கத்து வீட்டுக் கோழி ஒன்று அதன் காலடித் தட்டில் அடைகாக்கத் தொடங்கியது. “மிஸ், குஞ்சு பொரிக்கிற வரைக்கும் வண்டிய எடுக்காதீங்க,” என்று கோழிக்காரி வந்து கேட்டுக்கொண்டாள். எடுப்பதற்கு என்ன இருந்தது? பெருந்தன்மையோடு சம்மதித்தேன்.

நடந்தேன். தோட்டத்தின் கீழ்ப் பிரிவான கீழ்கணக்கு லயங்களுக்கு நடப்பது கஷ்டமில்லை. மேல்கணக்குதான் பிரச்சினை. அது மலையின் உச்சிக்குக் கொஞ்சம் கீழே, மேகம் வந்து உட்காரும் இடத்தில் இருக்கிறது. ஏறி இறங்கினால் ஒரு பகல் போய்விடும். போனால் அன்று வேறு யாரையும் பார்க்க முடியாது; போகாவிட்டால் வசந்தியைப் பார்க்க முடியாது.

வசந்தி மேல்கணக்கில் கொழுந்து எடுப்பவள். முதல் பிள்ளையை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தாள். கிளினிக்கில் பார்த்தபோதே அவளுடைய பிரஷர் எனக்குப் பிடிக்கவில்லை. கால் வேறு லேசாக வீங்கியிருந்தது. வாரத்துக்கு ஒருமுறையாவது கையில் பட்டியைக் கட்டிப் பார்த்தே ஆகவேண்டும். அவளைக் கீழே வரச்சொன்னால், அந்த இறக்கமும் ஏற்றமும் பிரஷரை இன்னும் கூட்டிவிடும். நான்தான் போகவேண்டும்.

“சைக்கிள் வாங்கலாம்னு இருக்கேன்,” என்றேன் ஒருநாள் சாப்பிடும்போது.

என் கணவர் சேகருக்குப் புரையேறியது. தண்ணீர் குடித்து முடித்துத்தான் சிரித்தார்.

சமதரையில் பிறந்தவள்

அவர் சிரித்ததில் நியாயம் இருந்தது. எங்கள் பக்கத்தில் சைக்கிள் வைத்திருப்பவர்களை விரல்விட்டு எண்ணலாம். பாதி வழி நீங்கள் அதைத் தள்ளவேண்டும், மீதி வழி அது உங்களைத் தள்ளிவிடும். இதற்கு நடந்தே போகலாம் என்பது மலையில் பிறந்தவர்களின் கட்சி.

நான் மலையில் பிறக்கவில்லை. என் அப்பாவும் அம்மாவும் ஊவாத் தோட்டமொன்றில் இருந்தவர்கள்தான். ஒரு கெட்ட காலத்தில் மூட்டை கட்டிக்கொண்டு வவுனியாப் பக்கம் போய்க் குடியேறினார்கள். நான் அங்கே பிறந்தேன். அங்கே சைக்கிள் இல்லாத வீடு அடுப்பில்லாத வீடு மாதிரி. பள்ளிக்கூடம், ரியூசன், சந்தை, கோயில், சாவீடு, எல்லாமே சைக்கிளில்தான். கால் எட்டாத வயதில் அப்பாவின் பெரிய சைக்கிளில் பாருக்கு அடியில் காலை நுழைத்து, நண்டு மாதிரி கோணிக்கொண்டு ஓட்டினேன். பிறகு பின்னால் தங்கை, முன்னால் அரிசிப் பை, ஹாண்டிலில் மண்ணெண்ணெய்ப் போத்தல் என்று குடும்பத்தையே ஓட்டினேன்.

கல்யாணமாகி இங்கே வந்தபோது இரண்டு விஷயத்தில் தோட்டமே என்னைக் கேலி செய்தது. ஒன்று, ‘ஆமா’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் என் வாயில் ‘ஓம்’ வந்துவிடும். “மிஸ் மந்திரம் சொல்றாங்க” என்பார்கள். மற்றது, ரோட்டோரம் சைக்கிளைக் கண்டால் நான் நின்று பார்ப்பது. மற்றப் பெண்கள் புடவைக் கடையில் நிற்பதைப்போல நிற்பேன்.

ஆகவே சேகர் சிரித்து முடித்ததும் நான் சொன்னேன்: “நான் ஏறுவேன்.”

“நீ ஏறுவ. சைக்கிள் ஏறாது.”

நான் வாங்கினேன். ஜப்பானில் யாரோ ஓட்டி அலுத்து, கப்பலேறி வந்து, பதுளையில் ஒரு கடை வாசலில் நின்றிருந்த சைக்கிள் அது. மெலிந்த உடம்பு, மயில்நீல நிறம், பின்னால் ஆறு கியர். ரயிலில் ஏற்றித் தெமோதரையில் இறக்கியபோது, ஸ்டேசனில் நின்ற அத்தனை பேரும் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். பிறகு மலையைப் பார்த்தார்கள்.

“எல்லாம் ஒரே சைஸ்தான்”

சேகர் சொன்னதுதான் நடந்தது. நான் ஏறினேன், சைக்கிள் ஏறவில்லை. இருப்பதிலேயே இலேசான கியரில் போட்டும் முதல் வளைவிலேயே பெடல் கல்லாக நின்றுவிட்டது. தள்ளிக்கொண்டு போனேன். ஜப்பானிலிருந்து கப்பலில் வந்த ஒன்றை மேல்கணக்கு வரை தள்ளிக்கொண்டே போவதைப் பார்த்த பெண்கள், “மிஸ், அதுக்குக் கால் வலிக்குதா?” என்று விசாரித்தார்கள்.

காரணம் எனக்குத் தெரியும். சமதரை ஊருக்குச் செய்த கியர் அது. பின்சக்கரத்தில் பல்சக்கரங்கள் சின்னதும் பெரியதுமாக அடுக்கியிருக்கும். அந்த அடுக்குக்குத்தான் ஃப்ரீவீல் என்று பெயர். மிதிப்பதை நிறுத்தினால் ‘டிக் டிக்’ என்று சத்தம் போடுவது அதுதான். அடுக்கிலேயே பெரிய பல்சக்கரம் எவ்வளவு பெரிதோ, அவ்வளவு சுலபமாக மேடு ஏறலாம். எங்களுடையதில் பெரியதே ஒரு சாஸர் அளவுதான். அதைக் கழற்றிவிட்டுச் சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒன்றைப் போடவேண்டும்.

இந்த இடத்தில் சேகருக்கு உற்சாகம் வந்தது. அவர் ஸ்டோரில் இயந்திரம் பழுதுபார்க்கும் பிட்டர். கொழுந்து உருட்டும் பெரிய ரோலரையே அக்கக்காகப் பிரித்துத் திரும்ப மாட்டுகிறவர்.

“ரோலர மாட்டுறவனுக்கு சைக்கிள் ஒரு வேலையா? நீ பேசாம இரு. நான் பாத்துக்கிறேன்.”

பதுளை பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் தள்ளி, சைக்கிள் சாமான் கடை வைத்திருக்கும் நானாவிடம் போனார்; முஸ்லிம் அண்ணன்மாரை நானா என்பது எங்கள் வழக்கம். நானா மிக நல்ல மனிதர். அவரிடம் இல்லை என்ற சொல்லே கிடையாது. அதுதான் அவரிடம் உள்ள ஒரே கஷ்டம்.

“இது எங்க சைக்கிளுக்குச் சேருமா நானா?”

“ஃப்ரீவீல்தானே? எல்லாம் ஒரே சைஸ்தான் தம்பி. கொண்டு போங்க. சேராட்டி மாத்தித் தாரேன்.”

சேகர் முப்பத்துநாலு பல் உள்ளதை வாங்கிவந்தார். உண்மையாகவே சாப்பாட்டுத் தட்டு மாதிரி இருந்தது. பழையதைக் கழற்ற ஸ்பேனர் மாதிரி ஒரு சாவி வேண்டும். நானா கொடுத்துவிட்ட சாவியைச் சுற்றி நிறையப் பற்கள். எங்கள் பழைய ஃப்ரீவீலிலோ இரண்டே இரண்டு வெட்டுகள். ‘எல்லாம் ஒரே சைஸ்’ என்ற தத்துவம் முதல் அடியிலேயே அடி வாங்கியது. சேகர் அசரவில்லை. ஸ்டோரில் கிடந்த இரும்புத் துண்டொன்றை அராவி, இரண்டு காதுள்ள ஒரு சாவியைத் தானே செய்தார். அழகாகச் செய்தார், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

அந்தச் சாவியைத்தான் அன்று வைஸில் இறுக்கி, அதன்மேல் சக்கரத்தைக் கவிழ்த்துவைத்து நாங்கள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம்.

“இங்க பாருங்க,” என்றேன். “ஒவ்வொரு மிதிக்கும் ஃப்ரீவீல் ஹப்புல தானா இறுகுது. அப்ப மிதிக்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம்தானே திருப்பணும்? இப்ப சக்கரம் கவுந்து கிடக்கு. இடப்பக்கம் திருப்புங்க.”

அவர் காற்றில் விரலால் ஒரு வட்டம் போட்டார். பிறகு அதே வட்டத்தைத் தலைகீழாகப் போட்டார். முகம் மாறியது. நான் வருவதற்கு முன்னால் அவரும் வாசலில் நின்ற இரண்டு பேரும் சேர்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அதை நன்றாக இறுக்கியிருக்கிறார்கள்.

“சரி, இடப்பக்கம்,” என்றார், ஏதோ விட்டுக்கொடுப்பவர் மாதிரி.

நான்கு பேரும் சேர்ந்து இழுத்தோம். ‘டங்’ என்று ஒரு சத்தம். சக்கரம் சுழன்றது, நான் வெற்றிலைக்காரர் மேலும், சேகர் எண்ணெய் வாளி மேலும் விழுந்தோம். ஃப்ரீவீல் கழன்றுவிட்டது. அதோடு ஹப்பின் அலுமினியத் திருகு மரையும் சுருள் சுருளாக உரிந்து வந்துவிட்டது.

ஹப் என்பது சக்கரத்தின் நடு உருளை. கம்பிகள் எல்லாம் அதில்தான் மாட்டியிருக்கும், ஃப்ரீவீல் அதன் மரையில்தான் ஏறும். மரை போனால் ஹப் போயிற்று. இப்போது எங்களிடம் ஒரு புது ஃப்ரீவீல் இருந்தது, அதை மாட்ட இடம் இல்லை.

“விரிச்சா போகும்”

சேகர் மறுபடி பதுளைக்கு ரயிலேறினார். நானா பளபளவென்று ஒரு ஹப் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பார்த்தால் அதில் மரையே இல்லை. பக்கவாட்டில் நீளநீளமாய் வரிகள்தான். பல்சக்கரங்களை அதில் செருகி மாட்டவேண்டுமாம். திருகி ஏற்றும் ஃப்ரீவீலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பூனைக்குச் சேணம் வாங்கிவந்த கதை.

“நானா மாத்தித் தருவாரு,” என்றார். மாற்றித் தந்தார். இந்த முறை மரை இருந்தது. ஃப்ரீவீல் வெண்ணெய் மாதிரி ஏறியது. நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். பிறகு ஹப்பைச் சைக்கிளின் பின்கவட்டில் வைத்துப் பார்த்தார். உள்ளே போகவில்லை. மலைச் சைக்கிளுக்கு உண்டான அகலமான ஹப் அது.

சேகர் கவட்டின் இரண்டு பக்கத்தையும் கையால் பிடித்தார்.

“என்னா செய்யப் போறீங்க?”

“கொஞ்சம் விரிச்சா போகும்.”

“கைய எடுங்க.”

“இரும்புதானே, விரிஞ்சு குடுக்கும்.”

“ஏங்க, நான் என்னா வேலை செய்றேன்? விரிஞ்சு குடுக்கும், விரிஞ்சு குடுக்கும்னு அவசரப்பட்டா என்னா ஆகும்னு எனக்குத் தெரியாதா? கைய எடுங்க சொல்றேன்.”

எடுத்தார். அப்போது அவர் முகத்தில் ஒரு களைப்பு தெரிந்தது. எனக்கும் களைப்பாகத்தான் இருந்தது. அந்த வாரம் வசந்தியைப் பார்க்க நடந்தே போய் வந்திருந்தேன். பிரஷர் இன்னும் கொஞ்சம் கூடியிருந்தது.

“நாம ரெண்டு பேரும் ஒரு தப்பத்தான் செய்றோம்,” என்றேன். “முதல்ல வாங்குறோம், பொறகு அளக்குறோம்.”

என் பையிலிருந்த நாடாவை எடுத்தேன். கர்ப்பிணிகளின் வயிற்றை அளக்கும் நாடா அது. அன்றைக்கு ஒரு சைக்கிளின் கவட்டை அளந்தது. உள்பக்கமாக, ஒரு காதிலிருந்து மறு காது வரை: பன்னிரண்டு சென்றிமீட்டர், அதற்கு மேல் ஆறு மில்லிமீட்டர். மலைச் சைக்கிள் ஹப்போ பதின்மூன்றரை. பிறகு ரிம்மில் கம்பி ஏறும் துளைகளை எண்ணினோம். சேகருக்கு முப்பத்தைந்து வந்தது, எனக்கு முப்பத்தேழு. சண்டை போடாமல் மறுபடி எண்ணியதில் முப்பத்தாறு. அகலம், துளை, திருகு மரை. மூன்றையும் என் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு, அடுத்த ரயிலில் இரண்டு பேருமாகப் போனோம்.

நானா எங்களைக் கண்டதும் தேநீர் சொல்லி அனுப்பினார். நான் கையை விரித்துக் காட்டினேன்.

“இதுல ஒண்ணு குறைஞ்சாலும் வேணாம் நானா.”

அவர் என் உள்ளங்கையைச் சாத்திரக்காரர் மாதிரி பிடிக்காத குறையாகக் குனிந்து பார்த்தார். முதலில் எடுத்துத் தந்ததில் அகலம் சரி, துளை முப்பத்திரண்டு. வேண்டாமென்று தலையசைத்தேன். அடுத்ததில் துளை சரி, அகலம் இல்லை. அவர் உள்ளே போய், உடைந்த ரேசிங் சைக்கிள் ஒன்றின் பின்சக்கரத்தை இழுத்துக்கொண்டு வந்தார். நாடா வைத்தோம். பன்னிரண்டு, ஆறு. துளை முப்பத்தாறு. திருகு மரை.

“அப்ப எல்லாம் ஒரே சைஸ் இல்லையா நானா?” என்றார் சேகர்.

நானா கொஞ்சமும் கலங்கவில்லை. “எல்லாம் ஒரே சைஸ்தான் தம்பி. சைக்கிள்தான் வேற வேற.”

ரயிலில் திரும்பும்போது சேகர் கம்பி பிடுங்கிய ஹப்பை மடியில் வைத்திருந்தார். பண்டாரவளைக்குப் போகிற ஒரு அம்மா அதைக் கூர்ந்து பார்த்து, “காப்பி அரைக்கிறதா?” என்று கேட்டார். சேகர் ஆமாம் என்றுவிட்டார்.

கம்பிகளைக் கோத்து, சுண்ணக்கட்டி வைத்துக் கோணல் பார்த்துத் திருகித் திருகி, சக்கரத்தை அவரே கட்டினார். கடைசியில் ஒரு இடி பாக்கி இருந்தது. தட்டு போன்ற அந்த முப்பத்துநாலு பல் ஃப்ரீவீலுக்கு, செயினை நகர்த்தும் சின்னக் கை எட்டவில்லை; உரசிக்கொண்டு நின்றது. திரும்ப நானாவிடம் கொடுத்து, இருபத்தெட்டுப் பல் உள்ளதாக மாற்றிவந்தோம். தட்டுமில்லை, சாஸருமில்லை, நடுவில் ஒரு கிண்ணம்.

“நீயே ஓட்டிப் பாரு”

சைக்கிள் நிமிர்ந்து நின்றது. பெடலைக் கையால் சுற்றிவிட்டார். பின்சக்கரம் ஆடாமல் சுழன்றது.

“ஒரு சுத்து சுத்திட்டு வாங்க,” என்றேன். “நீங்கதானே கட்டுனீங்க.”

“நீயே ஓட்டிப் பாரு.”

“பரவால்லங்க. முதல்ல நீங்க.”

“முழங்கால் வலிக்குது.”

“காலைல இல்லையே?”

“சாரம் கட்டிருக்கேன்ல.”

“எங்க ஊருல எல்லாரும் சாரத்தோடதான் ஓட்டுவாங்க.”

அவர் துணியை எடுத்து, துடைத்த ஹாண்டிலையே மறுபடி துடைத்தார். எனக்கு அப்போதும் பிடிபடவில்லை. ஹப்பின் அகலம் தெரியும், மரை தெரியும், கம்பி கோக்கத் தெரியும். ஒரு மனிதனுக்கு இவ்வளவும் தெரிந்து, அது தெரியாமல் இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

“எனக்கு ஓட்டத் தெரியாது,” என்றார், ஹாண்டிலைப் பார்த்துக்கொண்டே.

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

“எங்க படிக்கிறது? லயத்து வாசல்ல இறங்குனா படி. படி முடிஞ்சா தண்ணி ஓடுற கான். கானத் தாண்டுனா மலை. எங்க லயத்துல ஒருத்தன்கிட்டயும் சைக்கிள் இருந்ததில்ல. நீ ரோட்டுல சைக்கிளக் கண்டா நிப்ப பாரு, எனக்கு என்னாவோ மாதிரி இருக்கும். இவளுக்குத் தெரிஞ்ச ஒண்ணு நமக்குத் தெரியலையேன்னு.”

 சைக்கிளை வாங்கி, ஏறி, ரோட்டில் முதல் வளைவு வரை போய் வந்தேன். “நல்லா இருக்குங்க,” என்றேன். அது உண்மை. அப்படி ஒரு பின்சக்கரத்தில் வவுனியாவில்கூட நான் ஓட்டியதில்லை.

ஏற்றமும் இறக்கமும்

மறுநாள் காலை பிரஷர் பெட்டியைக் கேரியரில் கட்டிக்கொண்டு மேல்கணக்குக்குக் கிளம்பினேன்.

ஏறியது. என் வாழ்க்கையில் நான் ஓட்டியதிலேயே மெதுவான ஓட்டம். கால் வேகவேகமாகச் சுற்றியது, சைக்கிள் எறும்பாக நகர்ந்தது. ஆனால் நிற்கவில்லை. கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்தாமல் கண்ணால் என்னைத் தொடர்ந்தார்கள். தலையில் விறகுக்கட்டோடு ஒரு பெண் என்னைக் கடந்து போனாள். கொஞ்சம் முன்னே போய்த் திரும்பி, “மிஸ், நீங்க வாறீங்கன்னு மேல சொல்லி வைக்கவா?” என்று கேட்டாள். மலையே சிரித்தது. எனக்குச் சிரிக்க மூச்சில்லை.

கடைசி வளைவில் மட்டும் இறங்கித் தள்ளினேன். அதற்கு முப்பத்துநாலு பல் வேண்டும்.

வசந்தி லயத்து வாசலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டும் எழுந்திருக்கவில்லை.

“தலை வெடிக்குது மிஸ். விடியக்காலத்துலருந்து. கண்ணு முன்னாடி பூச்சி பறக்குது.”

பட்டியைக் கட்டினேன். பிரஷர் காட்டும் ஊசி நிற்கக் கூடாத இடத்தில் நின்றது. நம்பாமல் மறுபடி கட்டினேன். அதே இடம். இனி மாத்திரையும் ஓய்வும் பேசும் நேரமில்லை. பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், உடனே.

மேல்கணக்கில் ஃபோனுக்குச் சிக்னல் கிடையாது. வாகனம் என்றால் ஸ்டோரில் நிற்கும் தோட்டத்து லொறி ஒன்றுதான். அதில் அவசரத்துக்கென்று கொஞ்சம் டீசல் வைத்திருந்தார்கள். வசந்தியை உள்ளே இடப்பக்கம் சரித்துப் படுக்கவைத்து, அவள் மாமியாரைப் பக்கத்தில் உட்காரச் சொன்னேன். வலிப்பு வந்தால் என்ன செய்யவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன்.

“மிஸ், எங்கள விட்டுட்டுப் போறீங்களா?” என்றார் அந்த அம்மா.

“லொறியோட வாறேன்மா.”

சைக்கிளை எடுத்தேன்.

நாங்கள் அத்தனை நாளும் ஏறுவதைப் பற்றியே யோசித்திருந்தோம். இறங்குவதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. இறக்கத்தில் மிதிக்கவே தேவையில்லை. ஃப்ரீவீல் முதலில் ‘டிக் டிக்’ என்றது, பிறகு ‘விர்ர்’ என்று ஒரே சத்தமாகிவிட்டது. பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விட்டேன். வளைவுகளில் கல் தெறித்தது. தேயிலைச் செடிகள் பச்சைத் துணியாகப் பின்னால் ஓடின. காலையில் என்னைக் கேலி செய்த பெண்கள், “மிஸ்! பாத்து! பாத்து!” என்று கத்தினார்கள். அடியில் பின்சக்கரம் துளி ஆட்டமில்லாமல் ஓடியது. பயத்தில் எனக்குச் சாமி பெயர் ஒன்றும் வரவில்லை. பன்னிரண்டு, ஆறு, முப்பத்தாறு என்றுதான் வந்தது.

ஸ்டோர் வாசலில் காலை ஊன்றி நின்றபோது சேகர் ஓடிவந்தார்.

“லொறி,” என்றேன். “மேல்கணக்குக்கு. வசந்திக்கு.”

அவர் உடனே டிரைவரைக் கூப்பிட்டார், மெத்தையொன்றைப் பின்னால் எறிந்தார். தோட்டத்து மேனேஜரான துரையிடம் அனுமதி கேட்க யாரோ பங்களாவுக்கு ஓடினார்கள். அனுமதி திரும்பி வருவதற்குள் லொறி பாதி மலை ஏறிவிட்டது. துரை பிறகு அதைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

லொறி கிளம்புமுன்பே நான் ஸ்டோரிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஃபோன் பண்ணி விவரம் சொல்லிவிட்டு அதில் ஏறியிருந்தேன். மேலே போய் வசந்தியை ஏற்றிக்கொண்டோம். பதுளையில் வாசலிலேயே தள்ளுவண்டி தயாராக நின்றது. அன்று பின்னேரம் வசந்திக்கு ஆபரேசன் செய்து பிள்ளையை எடுத்தார்கள். பெண். கையகலம்தான் இருந்தாள். ஆனால் அவள் போட்ட சத்தத்தை வார்டுக்கு வெளியே நின்று கேட்டேன். வசந்திக்கு வலிப்பு வரவில்லை. இரண்டு பேரும் பிழைத்தார்கள்.

கோயில் மைதானம்

அதற்குப் பிறகு மேல்கணக்கில் சைக்கிளைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை என்று எழுத ஆசை. சிரித்தார்கள். ஆனால் சிரித்துக்கொண்டே, “எனக்கும் பழக்கி விடுங்க மிஸ்,” என்றார்கள்.

எங்கள் தோட்டத்தில் சமதரை என்றால் கோயிலுக்கு முன்னால் இருக்கும் மைதானம் ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் அங்கே பழக்கினேன். பிள்ளை தலைநிமிர்ந்து பார்க்கத் தொடங்கிய பிறகு வசந்தியும் வந்தாள். அவள் விழுந்ததே குறைவு. செங்குத்து மலையில் கூடையோடு நின்று பழகிய உடம்பு, அதற்குச் சமநிலையை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

சேகர் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். செயினுக்கு எண்ணெய் விடுவார், காற்றுப் பார்ப்பார். “நீங்களும் வாங்க” என்றால் வேலை இருக்கிறது என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்துத் தோட்டத்தில் திருவிழா. எல்லோரும் போய்விட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு, காற்சட்டை போட்டுக்கொண்டு அவரே வந்தார். யாரும் போகவில்லை. மைதானத்தைச் சுற்றி லயமே உட்கார்ந்திருந்தது. திரும்பிப் போக வழியில்லாமல் சைக்கிளில் ஏறினார்.

நான் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

“கீழ பாக்காதீங்க. முன்னால பாருங்க.”

“பிடிச்சிருக்கியா?”

“பிடிச்சிருக்கேன், மிதிங்க.”

“பிள்ளையோட நானே பழகிட்டேன், மிதிங்க அண்ணே!” என்று வசந்தி இடுப்பில் குழந்தையோடு கத்தினாள்.

“பிடிச்சிருக்கியா?”

 கோயில் வாசலருகே கையை விட்டுவிட்டேன். சைக்கிள் கொஞ்சம் தள்ளாடியது, நிமிர்ந்தது, போனது. மைதானம் முழுவதும் போனது. அதற்கப்புறமும் போனது. திருப்பவும் நிறுத்தவும் நான் இன்னும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. மைதானத்தின் விளிம்பில் அவரும் சைக்கிளும் தேயிலைக்குள் மறைந்தார்கள்.

எல்லோரும் ஓடினோம். செடிகளுக்கு நடுவில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். முடியெல்லாம் இலை. முழங்கையில் சிராய்ப்பு. சைக்கிள் பக்கத்தில் படுத்திருந்தது, பின்சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

“அடி பட்டுச்சாங்க?”

 “நீ எந்த இடத்துல கைய விட்ட?” என்று கேட்டார்.

நான் திரும்பிக் கோயில் வாசலைக் காட்டினேன்.

அவர் அந்த வாசலைப் பார்த்தார். அங்கிருந்து தான் உட்கார்ந்திருக்கும் இடம் வரை, மைதானத்தை மெல்லக் கண்ணால் அளந்துகொண்டு வந்தார்.

“அங்கருந்து இவ்வளவு தூரமும் நான் மட்டுமா வந்தேன்?”

“ஓம்,” என்றேன்.

யாரும் கேலி செய்யவில்லை. அவர் எழுந்து, தலையிலிருந்த இலைகளைத் தட்டினார். சைக்கிளைத் தூக்கி நிறுத்தி, கோயில் வாசலை நோக்கித் தள்ளிக்கொண்டு நடக்கத் தொடங்கினார். கேரியரைப் பிடிக்க நான் பின்னாலேயே போனேன்.

“பிடிக்காத,” என்றார் திரும்பிப் பார்க்காமலே. “இந்தத் தடவ பிடிக்காத.”